ஆண்டையைக் கையெழுத்திட வைத்தவர்: பி. சீனிவாசராவும் சங்கத்தை உடைக்க வந்த கூலிக்கைகளும்

சங்கத்தை உடைக்க நினைக்கும் முதலாளி அதைப் பெரும்பாலும் தம் கையால் செய்வதில்லை. அதற்கென்று வேறொரு கையைக் கூலிக்கு அமர்த்துகிறார். அமெரிக்காவில் அந்தக் கைக்குத் தொழிலுறவு ஆலோசகர் என்று பெயர். காவிரிப் படுகையில் அதே வேலையைக் காரியக்காரரும் அடியாளும் வெளியூரிலிருந்து இறக்கப்பட்ட அறுவடை ஆளும் வழக்கறிஞரும் தம்மிடையே பகிர்ந்துகொண்டனர். அந்தக் கைகளை எதிர்கொள்வதிலேயே தம் வாழ்வின் பிற்பாதி முழுவதையும் செலவிட்டவர் பி. சீனிவாசராவ். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 அன்று திருத்துறைப்பூண்டியில் அவருடைய நினைவிடத்தில் செங்கொடி ஏற்றப்படுகிறது. அன்று நிகழும் உரைகள் பெரும்பாலும் அவருடைய தியாகத்தைப் பேசுகின்றன. அவர் எதை எதிர்த்தார், அது எவ்வாறு இயங்கியது, அவருக்குப் பின் அது என்னவாயிற்று என்பதையும் பேச வேண்டியிருக்கிறது.

கன்னட நாட்டிலிருந்து கீழத் தஞ்சைக்கு

சீனிவாசராவ் 1907ஆம் ஆண்டு தென் கன்னடப் பகுதியில் கன்னடம் பேசும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். பெங்களூருவில் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1930இல் சென்னைக்கு வந்து அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் செய்தார், காவலர்களின் தடியடியில் நினைவிழந்து விழுந்தார், சிறை சென்றார். சென்னையில் பொதுவுடைமை இயக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான அமீர் ஹைதர் கானின் தொடர்பு அவரைக் காங்கிரசிலிருந்து கம்யூனிசத்துக்குக் கொண்டு வந்தது. தொழிற்சங்கப் பணி, கட்சிப் பணி, மீண்டும் சிறை என்று 1930கள் கழிந்தன.

1943இல் கட்சி அவரைத் தஞ்சை மாவட்டத்துக்கு விவசாயிகளைத் திரட்டும் பொறுப்புடன் அனுப்பியது. தமிழ் அவருக்குத் தாய்மொழி அன்று. கன்னடம் தோய்ந்த உச்சரிப்போடு அவர் பேசிய தமிழைச் சேரி மக்கள் எளிதில் பழகிக்கொண்டனர். ஏனெனில் அவர் சேரியிலேயே தங்கினார், அங்கேயே உண்டார், அங்கேயே உறங்கினார். மேல்சாதியில் பிறந்த ஒருவர் சேரிக் குடிசையில் கஞ்சி குடிப்பது அக்காலக் கீழத் தஞ்சையில் தனிமனிதப் பண்பு என்ற அளவில் நின்றுவிடவில்லை. ஊர்த்தெருவும் சேரியும் தனித்தனியே இருக்கும்வரையில்தான் பண்ணை முறை நிலைக்கும். அந்த எல்லையை ஒருவர் நாள்தோறும் கடப்பது பண்ணையின் அடித்தளத்தையே தொடுவதாகும்.

ஆண்டை நிற்காத வயல்

அவர் வந்து சேர்ந்த தஞ்சையில் நிலம் மிகச் சிலரிடம் குவிந்திருந்தது. வடபாதிமங்கலம், குன்னியூர், நெடும்பலம், வலிவலம் என்று ஊர்ப்பெயராலேயே அறியப்பட்ட பெரும் பண்ணைகள் ஒருபுறம். திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் முதலிய மடங்களும் கோயில்களும் மறுபுறம். நிலத்துக்கு உரியவர் பலர் தம் வயலில் கால் வைத்ததே இல்லை. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு விளைச்சலைப் பெற்றுக்கொண்டனர்.

வயலில் ஆண்டைக்கு மாற்றாக நின்றவர் காரியக்காரர். ஆள்களை விடியுமுன் எழுப்புவது, வேலையைப் பங்கிடுவது, களத்துமேட்டில் நெல்லை அளப்பது, கடன் கணக்கு எழுதுவது, தண்டனை தருவது எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளரும் பறையருமான பண்ணையாள்களின் முதுகில் விழுந்த சாட்டையையும் வாயில் ஊற்றப்பட்ட சாணிப்பாலையும் நாம் ஆண்டையின் கொடுமை என்றே நினைவுகூர்கிறோம். அது சரிதான். ஆனால் அந்தச் சாட்டையைப் பெரும்பாலும் பிடித்திருந்தது சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு கை. கொடுமை நிகழ்ந்த இடத்தில் ஆண்டை இல்லை. அவர் நகரத்தில் கோயில் அறங்காவலராக, கல்லூரிப் புரவலராக, சபைத் தலைவராக நன்மதிப்புடன் வாழ முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்த ஏற்பாடு தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. நாகப்பட்டினம் துறைமுகத்தின் வழியாக மலேயாவுக்குக் கப்பலேறியவர்களும், இலங்கையின் தேயிலை மலைகளுக்குச் சென்றவர்களும் அங்கே கங்காணியைக் கண்டனர். தோட்டத் துரை கூலியாளுடன் நேரடியாகப் பேச வேண்டியதில்லை. ஆளைப் பிடித்து வந்தவரும், அவரை வேலை வாங்கியவரும், ஓடிப்போகாமல் காத்தவரும் கங்காணியே. வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குத் தலைக்காசு தரப்பட்டது.

பண்ணையாளைக் கட்டிப்போட்டவை மூன்று: தலைமுறைக் கடன், சாதி, குடிசை. குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையது. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது. அன்றிரவு படுக்க இடமும் இராது. உலகின் வேறு பகுதிகளில் ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் சேர்வதால் வேலையிழப்பு நேரலாம். கீழத் தஞ்சையின் தலித் தொழிலாளிக்குச் சங்கம் என்பது வேலை, வீடு, உயிர் ஆகிய மூன்றையும் பணயம் வைப்பதாக இருந்தது.

தென்பறையில் தொடங்கியது

மன்னார்குடிக்கு அருகிலுள்ள தென்பறையில் 1943இல் விவசாயச் சங்கத்தின் கொடி ஏறியது. அங்கே எதிரில் நின்றது ஒரு மடத்தின் நிலமும் அதன் நிர்வாகமும். தென்பறையை அடுத்துக் களப்பால், பின்னர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டங்கள் என்று சங்கம் பரவியது.

சீனிவாசராவின் செயல்முறையில் மூன்று கூறுகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, கிளை ஒவ்வொன்றுக்கும் சேரியிலிருந்தே தலைவர்கள் உருவாக வேண்டும் என்பது. களப்பால் குப்பு அவ்வாறு எழுந்தவர்களில் முதன்மையானவர். தம் சொந்த மக்களை அறிந்த, எழுந்து பேசத் துணிந்த தலித் தலைவர் அவர். மணலி கந்தசாமி போன்றோர் மாவட்ட அளவில் தோள் கொடுத்தனர். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அமைதியான ஊரைக் கெடுக்கிறார் என்ற மிராசுதாரர்களின் பரப்புரைக்கு இந்த உள்ளூர்த் தலைமையே விடையாயிற்று.

இரண்டாவது, கூலியையும் மானத்தையும் பிரிக்காமல் கேட்டது. அளவில் ஏமாற்றாதே, கூடுதல் நெல் கொடு என்ற கோரிக்கையும், அடிக்காதே, சாணிப்பால் ஊற்றாதே என்ற கோரிக்கையும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அடித்தால் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டாம், திருப்பி அடியுங்கள் என்று அவர் சேரி சேரியாகச் சொல்லிச் சென்றதை முதியவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது கூறு அதிகம் பேசப்படாதது. காரியக்காரருடன் பேசித் தீர்ப்பதை அவர் தீர்வாகக் கொள்ளவில்லை. காரியக்காரர் இன்று ஒப்புக்கொள்வார். நாளை ஆண்டையின் உத்தரவு வேறு என்பார். எனவே நில உடைமையாளரின் தரப்பும் சங்கமும் அரசு அதிகாரிகளின் முன் நேருக்கு நேர் அமர்ந்து எழுத்தில் உடன்பட வேண்டும் என்று சங்கம் வலியுறுத்தியது. அதன் பயனே 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட முத்தரப்பு ஒப்பந்தம். சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதில் இடம்பெற்றது. கூலி பற்றிய விதிகளும் இடம்பெற்றன. தலைமுறைகளாகச் சேரி மக்களுடன் ஒரே திண்ணையில் உட்காராதவர்கள் அவர்களுடைய சங்கத்துடன் ஒரே தாளில் கையெழுத்திட்டனர். காரியக்காரரின் பின்னால் மறைந்திருந்த ஆண்டையை வெளியே வரவழைத்ததே அந்த ஒப்பந்தத்தின் பெரும் பேறு.

அதே காலத்தில் சிகாகோவில்

இதே ஆண்டுகளில் உலகின் மறுபுறத்தில் முதலாளிகளின் கூலிக்கை புதிய வடிவம் எடுத்துக்கொண்டிருந்தது. முன்னர் அமெரிக்க முதலாளிகள் வேலைநிறுத்தத்தை முறிக்க ஆயுதமேந்திய ஆள்களையே அமர்த்தினர். 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் காவலர்கள் சுமார் 300 பேர் படகுகளில் கொண்டுவரப்பட்டதும், இரு தரப்பிலும் உயிர்கள் பலியானதும் வரலாறு. 1935இல் சங்கம் சேரும் உரிமையைச் சட்டம் உறுதி செய்த பின்னர் துப்பாக்கிக்கு மாற்றாக நயமான வழி தேவைப்பட்டது. 1939இல் நேதன் ஷெஃபர்மன் என்பவர் சிகாகோவில் தொழிலுறவு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சியர்ஸ் என்னும் பெரும் வணிக நிறுவனம் அதற்குத் துணை நின்றது.

தொழிலாளரின் மனநிலையைக் கருத்தாய்வு என்ற பெயரில் அறிவது, சங்க ஆதரவாளர் யார் என்று கண்டுகொள்வது, நிர்வாகத்துக்கு இணக்கமான தொழிலாளர் குழுக்களை அமைப்பது, சங்கம் வேண்டாம் என்று தொழிலாளரின் வாயாலேயே சொல்ல வைப்பது ஆகியவை அந்த நிறுவனத்தின் சரக்கு. 1957இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இவற்றை விசாரித்தது. இத்தகைய ஆலோசகர்களுக்குத் தரும் பணத்தை வெளிப்படுத்த வேண்டும் என்று 1959இல் சட்டம் வந்தது. ஆயினும் அந்தத் தொழில் அழியவில்லை. அமேசான் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய ஆலோசகர்களுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டதாக அரசிடம் தாக்கல் செய்த கணக்கே காட்டுகிறது.

சிகாகோ ஆலோசகருக்கும் தஞ்சைக் காரியக்காரருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆலோசகர் தொழிலாளரைப் பிரிப்பதற்கு ஒரு விரிசலைத் தேட வேண்டியிருந்தது. தஞ்சையில் அந்த விரிசல் ஆயிரம் ஆண்டுகளாக ஆயத்தமாக இருந்தது. குத்தகைதாரரில் பலர் சாதி இந்துக்கள். கூலியாள்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். இருவரும் ஒரே கொடியின் கீழ் நின்றால் மிராசுதாரர் தோற்பார். எனவே சேரிக்காரனோடு சேர்ந்து நிற்கப் போகிறாயா என்ற ஒரே கேள்வியைக் குத்தகைதாரரின் காதில் போட்டால் போதுமானதாக இருந்தது. அதற்குக் கட்டணம் கேட்கும் ஆலோசகர் தேவைப்படவில்லை.

சீருடை அணிந்த கை

1940களின் இறுதியில் கம்யூனிஸ்ட் கட்சி சென்னை மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் கீழத் தஞ்சையின் சேரிகள் மலபார் சிறப்புக் காவல் படையின் முகாம்களைக் கண்டன. இந்த முறை கூலிக்கைக்குச் சம்பளம் தந்தது அரசு. மிராசுதாரர் செய்ய வேண்டியிருந்தது, பெயர்ப் பட்டியலைக் கொடுப்பது மட்டுமே.

சீனிவாசராவ் தலைமறைவானார். சேரிகளே அவரை மறைத்துக் காத்தன. அவரைக் காத்தவர்கள் கொடுத்த விலை பெரிது. களப்பால் குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் உயிரிழந்தார். அது இயற்கை மரணமன்று என்றே இயக்கத்தார் இன்றும் கருதுகின்றனர். மலேயாவில் தொழிற்சங்க அனுபவம் பெற்றுத் திரும்பிய வாட்டாக்குடி இரணியனும், அவருடைய தோழர்களான சாம்பவானோடை சிவராமனும் ஆறுமுகமும் 1950 மே மாதத்தில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாயினர். பெயர் பதிவாகாத எத்தனையோ தலித் ஆண்களும் பெண்களும் முகாம்களில் அடிபட்டனர். குடிசைகள் பிரிக்கப்பட்டன.

ஆயினும் சங்கம் அழியவில்லை. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் 62 இடங்களைக் கம்யூனிஸ்டுகள் வென்றனர். தஞ்சை மாவட்டத்தின் கூலித் தொழிலாளர் வாக்குகளுக்கு அதில் பங்குண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்றது அது. சேரிகள் எட்டாண்டுகளாகக் கேட்ட உரிமைக்குச் சட்ட வடிவம் கிடைத்தது.

சட்டத்தைச் சுற்றி வந்த கை

சட்டம் வந்ததும் கூலிக்கை மீண்டும் உருமாறியது. இப்போது தேவைப்பட்டவர்கள் சட்டம் அறிந்தவர்களும் கணக்கெழுதத் தெரிந்தவர்களும். சட்டம் ஒரு கிராமத்தில் 6⅔ ஏக்கருக்கு மேல் வைத்திருந்தவர்களையே கட்டுப்படுத்தியது. எனவே நிலம் காகிதத்தில் துண்டாடப்பட்டது. பண்ணையாளுக்குத்தான் பாதுகாப்பு உண்டு. அன்றாடக் கூலியாளுக்கு இல்லை. எனவே பண்ணையாள்கள் படிப்படியாக அன்றாடக் கூலிகளாக மாற்றப்பட்டனர். பல ஆண்டுகள் கழித்துத் தஞ்சைக் கிராமங்களை ஆய்ந்த சமூகவியலாளர்கள் பண்ணையாள் முறை தேய்ந்து, அன்றாடக் கூலி முறை ஓங்கியிருந்ததைக் கண்டனர். அடிமைத்தளை அவிழ்ந்தது உண்மை. அதனுடன் வேலைக்கான உறுதியும் போயிற்று என்பதும் உண்மை. இன்றைய ஒப்பந்தத் தொழிலாளர் முறையைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதாகத் தோன்றாது. உரிமை ஒரு பதவிப் பெயருடன் கட்டப்பட்டிருந்தால் அந்தப் பெயரை ஒழித்துவிடுவதே எளிய வழி.

வெளியூர் ஆள்களை இறக்குவது அடுத்த உத்தி. நெல் சாகுபடியில் தொழிலாளிக்கு வலிமை தரும் நாள்கள் ஆண்டில் மிகச் சில. நாற்று முதிர்ந்துவிட்டால் நடவு காத்திருக்காது. கதிர் முற்றிவிட்டால் அறுவடை காத்திருக்காது; நெல் வயலிலேயே உதிரும், மழை வந்தால் முளைவிடும். அந்தச் சில நாள்களில் வேலையை நிறுத்தினால் மிராசுதாரர் பேச வந்தாக வேண்டும். வெளியூரிலிருந்து அறுவடைக்கு ஆள் இறக்கிவிட்டால் அந்த நாள்களும் தொழிலாளியின் கையை விட்டுப் போய்விடும். அவ்வாறு இறக்கப்பட்டவர்களும் ஏழைகள். அவர்களில் தலித்துகளும் உண்டு. பசித்தவரைக் கொண்டு பசித்தவரை மடக்கும் இந்த உத்திக்குச் சங்கம் முழுமையான விடை கண்டதாகச் சொல்ல முடியாது.

சீனிவாசராவ் இந்தக் காலத்தில் தமிழ்நாடு விவசாயிகள் சங்கத்தின் முன்னணித் தலைவராக இருந்தார். 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், சாகுபடி செய்பவருக்கு 60 விழுக்காடு, உடைமையாளருக்கு 40 விழுக்காடு என்ற 1956ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டமும் அவர் தலைமையேற்ற போராட்டங்களின் பின்னணியில் வந்தவை. சட்டம் இயற்றப்பட்ட மறுநாளே அதைச் செயலிழக்கச் செய்யும் வேலை தொடங்கிவிடும் என்பதை 1952இன் அனுபவம் கற்றுத் தந்திருந்தது. எனவே அவர் சட்டத்தின் ஒவ்வொரு விலக்கையும் கவனித்தார்.

கடைசிப் போர்

1960இல் காமராசர் அரசு நில உச்சவரம்பு மசோதாவைக் கொண்டுவந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்பது வரம்பு. வரம்பைக் காட்டிலும் விலக்குகளே சங்கத்துக்குக் கவலையளித்தன. அறக்கட்டளை நிலம், கரும்பு நிலம், மேய்ச்சல் நிலம் என்று பல வழிகள் திறந்திருந்தன. மசோதா பேசப்பட்டுக்கொண்டிருந்த நாள்களிலேயே நிலங்கள் உறவினர் பெயரிலும் வேலைக்காரர் பெயரிலும் பினாமியாக மாறிக்கொண்டிருந்தன. பத்திரம் எழுதுபவரும் வழக்கறிஞரும் கணக்கரும் அடியாள் செய்ய முடியாததைச் செய்தனர்.

மசோதாவைத் திருத்தக் கோரி 1961 செப்டம்பரில் மாநிலமெங்கும் மறியல் நடந்தது. விவசாயிகளும் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் சிறை சென்றனர். அந்தப் போராட்டத்துக்காக ஊர் ஊராக அலைந்த சீனிவாசராவின் உடல், தடியடியாலும் சிறையாலும் தலைமறைவு வாழ்வாலும் முன்பே தளர்ந்திருந்தது. 1961 செப்டம்பர் 30 அன்று அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. அவர் உடல் திருத்துறைப்பூண்டியில் அடக்கம் செய்யப்பட்டது. குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெண்மணியில் வெளிப்பட்டது

அவர் இறந்து ஏழு ஆண்டுகளில் கூலிக்கைகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடின. 1960களின் நடுப்பகுதியில் நாகை வட்டார மிராசுதாரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற அமைப்பில் திரண்டனர். தொழிலாளியின் சங்கத்துக்கு எதிராக முதலாளியின் சங்கம். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதன் தலைவர். செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்று தொழிலாளர்கள் வற்புறுத்தப்பட்டனர். மறுத்தவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அறுவடைக்கு வெளியூர் ஆள்கள் கொண்டுவரப்பட்டனர். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களுக்கும் கொடியை இறக்க மறுத்தவர்களுக்கும் 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கிடைத்தது தீ. ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்து மாண்டனர்.

நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நாயுடு உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் அவர்களை விடுவித்தது. பரந்த நிலங்களை உடைய செல்வந்தர்கள் வேலையாள்களை அனுப்பாமல் தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது தீர்ப்பில் இடம்பெற்ற காரணங்களுள் ஒன்று.

இந்தக் காரணத்தை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வந்தர் தம் கையால் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றம் கருதியது. அந்த நம்பிக்கையை உண்டாக்கியதே கூலிக்கையின் நூற்றாண்டுப் பணி. காரியக்காரர் சாட்டையைப் பிடித்தபோதெல்லாம், அடியாள் குடிசையைப் பிரித்தபோதெல்லாம், ஆண்டையின் கை தூய்மையானது என்ற எண்ணமும் சேர்ந்தே வளர்ந்தது. கடைசியில் ஆண்டையே குற்றம் சாட்டப்பட்டு நின்றபோது அந்த எண்ணம் அவருக்குக் கேடயமாயிற்று.

எஞ்சியிருக்கும் கணக்கு

வெண்மணிக்குப் பின் அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. கீழத் தஞ்சையில் சாட்டையும் சாணிப்பாலும் இன்று இல்லை. அவற்றை ஒழித்ததில் சீனிவாசராவுக்கும் அவருடன் நின்ற ஆயிரக்கணக்கான தலித்துகளுக்கும் உள்ள பங்கை எவரும் மறுக்க முடியாது.

மறுக்க முடியாத இன்னொன்றும் உண்டு. சங்கம் கூலியை வென்றது, நிலத்தை வெல்லவில்லை. சாதியைக் கூலிப் பிரச்சினையின் ஒரு பகுதியாகவே இயக்கம் கண்டதால், குத்தகைதாரருக்கும் சேரிக்கும் இடையிலான கோடு போராட்ட நாள்களில் மங்கியதே தவிர அழியவில்லை. குத்தகைச் சட்டங்களின் பெரும்பயன் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த இடைநிலைச் சாதிகளுக்குச் சென்றது. குத்தகைகூட மறுக்கப்பட்டிருந்த தலித்துக்குச் சென்றது குறைவு. வரலாற்றை எழுதியவர்களும் தலைவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டுச் சேரியை மக்கள் என்ற பொதுச்சொல்லில் அடக்கிவிட்டனர். சீனிவாசராவைக் காத்த குடிசைகளின் சொந்தக்காரர்கள் யார், குப்புவைப் போல் எழுந்த மற்றவர்கள் யார் என்பதை எழுதும் கடமை தலித் மாணவர்களுக்கு முன்னால் இருக்கிறது. அந்தப் பணி அவருடைய பெருமையைக் குறைக்காது. சேரியிலிருந்தே தலைமை எழ வேண்டும் என்று அவர் முனைந்ததன் தொடர்ச்சி அது.

டெல்டாவின் இளைஞர்கள் இன்று திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர்கள் சந்திப்பது ஒப்பந்த முகவரையும் மனிதவள அலுவலரையும். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தைப் பதிவு செய்து ஏற்க வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. இடையில் வேறொரு தொழிலாளர் குழுவுடன் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவு பெற்றது. யாருடன் பேசுவது என்பதைத் தொழிலாளியே முடிவு செய்ய வேண்டும் என்ற கேள்வி, 1944இல் மன்னார்குடியில் எழுந்த அதே கேள்விதான்.

எனவே ஒரு தொழில் தகராறைப் பற்றிப் படிக்கும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியவை சில. தொழிலாளியிடம் பேச வந்திருப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் தருபவர் யார்? அந்தச் சம்பளம் தருபவரின் கையெழுத்து எந்தத் தாளில் இருக்கிறது? மன்னார்குடி மேசையின் முன் சீனிவாசராவும் களப்பாலின் பண்ணையாள்களும் இந்த மூன்றாவது கேள்விக்கு ஒருமுறை விடை பெற்றனர். அந்த விடையைப் பெறுவதற்குச் சங்கம் தேவைப்பட்டது. இன்றும் அதுவே தேவைப்படுகிறது.